கைதட்டாத மண்டபம்

முதல் பகுதி முடிந்து ஒரு நிமிடமாகியும் மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை.

பரமநாதன் இசை நடத்தும் கோலை இறக்கினார். நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, கண்டியில் பதினொரு பேரைத் தேடிப்பிடித்து அவர் அமைத்த வாத்தியக் குழு அது. நான்கு பழைய இத்தாலியப் பாட்டுகளைக் கோத்து எழுதிய இசைக்கோவையை எட்டு மாதமாகப் பழகியிருந்தார்கள். போன கச்சேரிக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். இதுவும் சரிவராவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதென்று முடிவு.

இன்றோ, அவர்கள் வரும்போதே கதிரையெல்லாம் நிறைந்திருந்தது. மேடையேறி, அடக்கமாக வணங்கிவிட்டுத் தொடங்கியும்விட்டார்.

"கொஞ்சம் மெதுவா இருந்துச்சோ சேர்?" வயலினைத் தாழ்த்திக் கலாராணி கேட்டாள்.

"இதைவிட வேகமெண்டால் நான் விழுந்துபோவன், பிள்ளை."

ஆனாலும் அடுத்ததில் வேகத்தைக் கூட்டினார். தந்திகள் துள்ளின. முன்வரிசையில் ஓர் அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். கைதட்டல் மட்டும் இல்லை.

விளங்கவில்லை போலும் என்று நினைத்து, பரமநாதன் சபையின் பக்கம் திரும்பினார்.

"இப்ப வாசிச்சது, ஒரு பொடியன் தன்ர காதலியின்ர ஜன்னலுக்குக் கீழ நிண்டு பாடுறது."

"ஐயோ!" என்றது ஒரு குரல்.

"அடுத்தது கல்யாணப் பாட்டு. வெக்கப்படாமல் நீங்களும் சேர்ந்து தட்டுங்கோ!"

பின்வரிசைப் பெரியவர் ஒருவர் இரண்டு தரம் தட்டினார். பக்கத்திலிருந்த மனைவி அவர் கையைப் பிடித்து மடியில் அமுக்கினாள். பாட்டு முடிந்தபோது இருமல்கூடக் கேட்கவில்லை.

"சேர், ஊட்டுக்குப் போவமா?" என்றான் செலோ வாசிக்கும் றிஸ்வி.

"ஒண்டுதானே மிச்சம். அதையும் முடிச்சிட்டுப் போவம்."

பரமநாதனுக்கு முழங்கால் நொந்தது, தோளும் நொந்தது. கடைசிப் பாட்டு, கடலுக்குப் போய்த் திரும்பாத மகனுக்காக ஒரு தாய் அழுவது. இனி யாருக்காக நடத்துவது? சபையை மறந்து, தனக்காகவே நடத்தினார்.

பாதியில் ஒரு விசும்பல் கேட்டது. பிறகு இன்னொன்று. முடிந்தபோது முழு மண்டபமும் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஒருவர் மேடையேறி அவர் கைகளைப் பற்றினார்.

"ரொம்ப நன்றிங்க ஐயா. கடைசிப் பாட்டு நெஞ்ச உலுக்கிருச்சு."

பரமநாதன் குழுவின் பக்கம் திரும்பி, "பிள்ளையள், குழுவைக் கலைக்கிறேல்ல!" என்றார்.

மண்டபத்துப் பொறுப்பாளர் திரேசா, சொட்டும் குடையோடு மேடைக்கு ஓடிவந்தாள்.

"பரமநாதன் அண்ணை, உங்கட கச்சேரி நாளைக்கு! இண்டைக்குப் பாலம்மா டீச்சரின்ர இரங்கல் கூட்டமெல்லோ!"