கண் திறந்த ஒக்டோபஸ் ராசா

ஒக்டோபஸுக்கு விபூதிப் பட்டை போட்ட ஆள் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் கஹவத்தைப் பக்கம் இருக்கிறார். பேர் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் சிலைகளுக்கெல்லாம் பெயின்ட் அடிப்பதால் சாமிக்கலர் அண்ணன்.

நான் தோட்ட ஆபீஸில் கிளாக்கர். முப்பது வயசிலும் பொம்மை வைத்து விளையாடுகிறவன். சிரிக்காதீர்கள். விரல் உயரக் கடல் பூதங்களை மேசையில் படையாக நிறுத்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுவோம். ஞாயிற்றுக்கிழமை இரத்தினபுரியில் போட்டி. கண் முதற்கொண்டு முழுசாகப் பெயின்ட் அடிக்காத பொம்மைக்கு அங்கே இடமில்லை. மூன்று வருசமாக என்னைத் தோற்கடித்துக் கேலி செய்யும் நுவனை இந்தத் தடவை விடுவதில்லை என்று பன்னிரண்டு பூதங்களையும் அண்ணனிடம் கொடுத்தேன். புத்தி எங்கே போச்சோ!

ஒரு வாரம் கழித்துப் போனால், சுறாத்தலை வீரனுக்கு முனியாண்டி மீசை. கடல்கன்னிக்கு மஞ்சள் சேலை. "பொம்பளப் புள்ளய இப்பிடியா நிக்க வைக்கிறது, கிளாக்கரய்யா?" என்று என்னையே முறைத்தார். படைத்தலைவரான ஒக்டோபஸ் ராசா, நெற்றியில் பட்டையோடு ஜம்மென்று இருந்தார். ஒருத்தருக்கும் கண் மட்டும் இல்லை.

"கண்ணு எங்கண்ணே?"

"கண்ணத் தொறந்தா உசுரு வந்துரும். அதுக்கு நேரம் பாக்கணும். ஞாயித்துக்கெழம காலையில ஆறரை."

"ஏழு மணிக்கு எனக்கு பஸ்ஸுண்ணே!"

"ஒங்க பஸ்ஸுக்காக நல்ல நேரத்த மாத்த முடியுங்களா?"

கண் திறந்ததும் முதலில் பசுவைப் பார்க்க வேண்டுமாம், கோயில் முறை. ஞாயிறு காலை, பக்கத்து லயத்து வீட்டுப் பசுவை ஓட்டிவந்து எதிரே நிறுத்தியிருந்தார். பதினொரு பேருக்கும் கண் வைத்துவிட்டு, கடைசியில் தனி வாழையிலையில் நின்ற ராசாவுக்கு வைத்தார். ராசா பசுவைப் பார்த்தார். பசு வாழையிலையைப் பார்த்தது. ஒரே இழுப்பு. இலையோடு ராசாவும் உள்ளே!

நான் ஐயோ என்பதற்குள் அண்ணன் மாட்டின் வாய்க்குள் கையை விட்டார். மாடு கடித்தது. அலறினாரே தவிர, ராசா கிடைக்கும்வரை கையை எடுக்கவில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட, ராசாவின் எச்சிலைத் துடைத்து, அழிந்த கண்ணை மறுபடியும் வைத்து என்னிடம் நீட்டினார்.

"உசுரு வந்தவரு. சாகவுட்றாதீங்க."

எப்படியோ ஓடி பஸ்ஸைப் பிடித்தேன். மீசைச் சுறாவைப் பார்த்து நுவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மேக்க பூஜாவட்டத மச்சாங்?" பூசைக்கா கொண்டு வந்தாய் என்கிறான், படுபாவி. சிரித்தவன் படையில் பாதியைச் சாய்த்தேன். கடைசியில், ராசாவைப் பலி கொடுத்தால் நுவனின் கோட்டை எனக்கு. மூன்று வருசக் கடுப்பு தீர ஒரே ஒரு நகர்த்தல்.

அந்த மனுசனின் கை ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு மனசு வரவில்லை. தோற்றேன்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பினால், பஸ் ஸ்டாண்டில் அண்ணன், கையில் கட்டோடு.

"ஜெயிச்சோமா?"

"தோத்துட்டோம்ணே."

"அது கெடக்கட்டும். ராசா எங்க?"

மற்றப் பூதங்களெல்லாம் பெட்டிக்குள் கிடந்தன. ராசாவை மட்டும் என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கண் திறந்தவர், வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வரட்டும் என்று தலையை வெளியே விட்டு.