மூணு வரம் சாரும் மூன்று நாள் பயணமும்

கடவுளிடம் அவ்வளவு கறாராக நடந்துகொண்ட மனிதரைத் திருச்சி ஜில்லாவில் நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. எங்கள் ஆபீசில் ஹெட் கிளார்க். பெற்றவர்கள் வைத்த பெயர் சர்வீஸ் ரெஜிஸ்டரில் மட்டும்தான் இருந்தது. பியூன் முதல் ஆபீசர் வரை எல்லோருக்கும் அவர் 'மூணு வரம்' சார்.

ஒரு மாதாகோவிலுக்குள் முதல் தடவையாகப் போய் மண்டியிட்டால் மூன்று வரம் கேட்கலாம் என்று கத்தோலிக்கர்களிடம் ஒரு வழக்கம். மற்றவர்கள் அதை ஆசைக்கு வைத்திருந்தார்கள். இவர் அரசாங்க உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். மூன்று கேட்டாயிற்றென்றால் அந்தக் கோவிலில் நான்காவதாக ஒன்றும் கேட்க மாட்டார். பூசைக்குப் போவார், பாடுவார், பேசாமல் திரும்பி வருவார். மறுபடி கேட்டால் மரியாதை இல்லையாம். திருச்சியில் இருக்கிற கோவிலெல்லாம் இளம்வயதிலேயே தீர்ந்துவிட்டன. ஒன்பது வயதில் ஒரு கோவிலின் மூன்று வரத்தையும் ஒரே சைக்கிளுக்காகச் செலவழித்தார் என்றும், சைக்கிள் வரவில்லை என்றும் கேள்வி.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. அவர் மனைவிக்கு இதயத்தில் வால்வு கோளாறு. பள்ளிக்கூட ஆசிரியை என்பதால் சார் வீட்டிலும் அவரை 'டீச்சர்' என்றே கூப்பிடுவார். அடுத்த வியாழக்கிழமை மெட்ராஸில் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் சார் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"அய்யங்காரே, நீங்க இதுவரைக்கும் ஏதாவது சர்ச்சுக்குள்ள போயிருக்கீங்களா?"

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். சர்ச்சைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இல்லை என்றேன்.

"அப்ப உங்களுக்கு ஒண்ணு விடாம எல்லாமே பாக்கி இருக்கு" என்றார். எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

உள்ளூர்க் கோவில் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். போதாதாம். அந்தக் காலத்துச் சேசுசபைச் சாமியார்கள் வெறுங்காலோடு நடந்து, ஒரு வேளை சாப்பிட்டு உண்டாக்கிய கோவில்களுக்குத்தான் பலம் அதிகமாம். வீட்டில் சொன்னேன். "ஒரு உசிருக்குக் கேக்கறதுதானே, போய்ட்டு வாங்கோ. பெருமாள் கோச்சுக்க மாட்டார்" என்றாள் என் மனைவி. அப்படியாகச் சாருடைய மச்சானின் அம்பாசிடரில் மூன்று நாள் பயணம் கிளம்பியது. அந்த வண்டியில் செகண்ட் கியர் விழாது. இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும்.

வழியெல்லாம் பாடம் எடுத்தார். ஆபரேஷன் நல்லபடி முடியணும், டீச்சர் கண் முழிக்கணும், நடந்தே வீட்டுக்கு வரணும். மூன்றையும் விலாசத்தோடு சொல்ல வேண்டும். "ஊர்ல ஆயிரம் டீச்சர் இருக்காங்க. மேலப்புதூர்னு தெளிவா சொல்லுங்க" என்றார். மணப்பாறைப் பக்கம் மலையடிப்பட்டியில், நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு நான் மண்டியிட்டதைப் பார்த்துப் பங்குச் சாமியார் திகைத்துப்போனார். "நமக்காகக் கேக்க வந்திருக்காருங்க, சாமி" என்றார் சார், மனு எழுதிக் கொடுக்கும் ஆளை அறிமுகப்படுத்துகிற மாதிரி. ஆவூரில் அவருடைய வரம் தீர்ந்திருந்தது. வாசலிலேயே நின்று, நான் கேட்கக் கேட்க அவரும் வாயசைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அப்புறம் நான் சிரிக்கவில்லை.

சருகணி போவதற்குள் இரண்டு பஞ்சர். படுத்தது அந்தக் கோவில் பங்குச் சாமியார் வீட்டு பெஞ்சில். பெஞ்சு என்னைவிட ஒரு முழம் குட்டை. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் ஓரியூர் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பது வலியில்தான் தெரிந்தது. பின்னால் மாட்டியிருந்த ஸ்டெப்னி பஞ்சரான டயரைவிட மோசம்.

ஓரியூர் அவருக்கும் புதுசு. இருபது வருஷமாக வராமல் பத்திரமாக வைத்திருந்த கோவில். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டோம். நான் கண்ணை மூடினேன். என் மனசு என்னைக் கேட்காமலே ஆரம்பித்துவிட்டது. இந்தப் பின் டயர் திருச்சி வரைக்கும் தாங்கணும். இந்த இடுப்பு வலி நிக்கணும். சாயங்காலத்துக்குள் வீட்டில் போய்ப் படுக்கணும்.

மூன்று. முடிந்தது. பகீரென்றது.

"கேட்டாச்சா?" என்றார் வெளியே வந்ததும்.

"ஆச்சு சார்."

அவர் நிம்மதியாகக் குனிந்து, வேதசாட்சியாக வெட்டுப்பட்ட ஒரு சாமியாரின் ரத்தத்தில் சிவந்ததென்று சொல்லும் அந்த ஊர்ச் செம்மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அன்றைக்குப் பார்த்து வண்டி ஓடியது பாருங்கள், அப்படி ஓடியது. புதுக்கோட்டை தாண்டியும் டயருக்கு ஒன்றுமில்லை. இடுப்பு வலியும் காணோம். நான் கேட்டதெல்லாம் பலிக்கிறது, டீச்சருக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. பாழாய்ப்போகிற டயரே, வெடித்துத் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். வெயில் தாழுமுன் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு டிரங்க்கால் வந்தது. டீச்சர் கண் முழித்துவிட்டார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

மூன்று வாரம் கழித்து மேலப்புதூர் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். சார் பால் வாங்கப் போயிருந்தார். டீச்சர் மெல்ல நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஓரியூர்ல அவரு மூணையும் உங்களுக்கே கேட்டுட்டாராம் தம்பி. நீங்க ரொம்ப சோர்ந்து போயிருந்தீங்களாம். டயர் தாங்கணும், உங்க இடுப்பு வலி தீரணும், பத்திரமா வீடு சேரணும்னு கேட்டாராம்."

நான் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"ஏங்க, எனக்கு ஒண்ணுகூடக் கேக்கலையான்னேன். 'உனக்குத்தான் அய்யங்கார் கேக்குறாரே'ன்னாரு" என்று சிரித்தார்.

ஓரியூரில் டீச்சருக்காக ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சாரிடம் அதைக் கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

அன்றைக்குத் திரும்பும் வழியில் பாலக்கரை மாதாகோவில் வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். அதற்குள் நான் அதுவரை போனதில்லை. உள்ளே போய் மண்டியிட்டு, ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்து, மேலப்புதூர் விலாசத்தோடு, மூன்றையும் டீச்சருக்கே கேட்டேன்.