வெளிப்புறமாகக் கருதப்படும் அறை

காற்றுத் தரக் கண்காணிப்பு அலுவலகத்தில் எல்லோரும் அவரைத் தூசி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக, நாள் தவறாமல் காலை பத்து மணிக்கு மொட்டைமாடி ஏறுவார். அங்கிருக்கும் தூசி அளக்கும் கருவிக்குள் வெள்ளைத் தாளை வைப்பார். முந்தின நாள் வைத்ததைக் கருப்பாக எடுத்து வந்து எடை போட்டுக் குறித்துக்கொள்வார். இதற்கு நீண்டகாலப் போக்கு என்று பெயர். அந்தப் போக்கு வரைபடத்தில் ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போனது. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த அவர் மனைவிக்கு மூச்சிழுப்பும் கூடவே ஏறியது.

அப்போதுதான் புது இயக்குநர் வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் நாள் வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"இந்தக் கோடு ஏன் மேல போகுது?"

"காத்து அப்படி இருக்கு சார்."

"காத்து எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். அது நம்ம துறை இல்ல. கோடுதான் நம்ம துறை. கருவி எங்க இருக்கு?"

"மொட்டைமாடியில."

"அங்க ஒரே தூசியாச்சே! அவ்வளவு தூசியில வச்சா கருவி பாவம், என்னதான் பண்ணும்? என் ரூம்ல கொண்டாந்து வைங்க."

இயக்குநர் அறையில் ஏ.சி. உண்டு. தூசி சார் தலையைச் சொறிந்தார். "சார், விதியில வெளிப்புறக் காற்றுன்னு போட்டிருக்கே?"

இயக்குநர் எழுந்து போய் ஜன்னலை ஓர் அங்குலம் திறந்தார். மத்தியானமே சுற்றறிக்கை வந்துவிட்டது: 'இதனால் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஜன்னல் ஓர் அங்குலமேனும் திறந்திருக்கும் அறை வெளிப்புறமாகக் கருதப்படும்.'

விதி என்றால் விதி. அன்றிலிருந்து கடைநிலை ஊழியர் கதவைத் தட்டி, "வெளிய வரலாமா சார்?" என்று அனுமதி கேட்டார். நாள் முழுக்க வெளியிலேயே உட்கார்ந்து வேலை பார்த்த இயக்குநருக்குக் களப்பணிப் படி கிடைத்தது. கோடு சறுக்குமரத்தில் விட்ட மாதிரி இறங்கியது. நாலே மாதத்தில் அலுவலகத்துக்குக் கேடயம் வந்தது. அறிக்கையில் தூசி சாரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். ஊர் பூரித்துப்போனது.

ஒருநாள் அவர் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள்.

"இன்ஹேலர் கொடுக்கிறத நிறுத்திட்டாங்களாம்."

"ஏன்?"

"காத்து சுத்தமாயிடுச்சாம். சுத்தமான காத்துல இழுப்பு வராதாம். வந்தா அது மனப்பிரமையாம். டாக்டரம்மா அறிக்கையை எடுத்துக் காட்டினாங்க. கீழ பாத்தா உங்க கையெழுத்து."

அதற்கு மேல் பேச அவளுக்கு மூச்சில்லை. முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை தூக்கித் தூக்கிப் போட்டது. தூசி சாருக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை யாரையும் கேட்காமல் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறிவிட்டார். அடுத்த நாள் தாள் கரிச்சட்டி போல வந்தது. எடை ஆறு மடங்கு. உள்ளதை உள்ளபடி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் மருந்து திரும்பக் கிடைத்தது. மனைவி இரண்டு இன்ஹேலர் வாங்கி வந்தாள். ஆனால் எண் ஒரே நாளில் ஆறு மடங்கு தாவியதைப் பார்த்ததும் தூங்கிக்கொண்டிருந்த விதிகளெல்லாம் விழித்துக்கொண்டன. பள்ளிக்கூடம் மூடல், கடைத்தெரு மூடல், யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது.

விசாரணை நடந்தது.

"போன வாரம் வரைக்கும் காத்து சுத்தமா இருந்துச்சா?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"பதிவேட்டுல இருந்துச்சு சார்."

"நீங்க கருவியத் தூக்கிட்டுப் போன பிறகு கெட்டுச்சா?"

"ஆமா சார்."

"அப்ப கெடுத்தது யாரு?"

தூசி சாருக்கு 'தனியொருவராக நின்று ஒரு நகரத்தின் காற்றை ஒரே நாளில் ஆறு மடங்கு மாசுபடுத்தியமைக்காக' மெமோ கொடுத்தார்கள்.

நாலு நாள் கழித்து அலுவலக வாசலில் கூட்டம் கூடியது. ஊராவது நம் பக்கம் நிற்கிறதே என்று தூசி சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். கடைத்தெருப் பழக்காரம்மா முன்னால் நின்றாள்.

"ஏன்யா, நல்லா இருந்த ஊரை இப்படிக் கெடுத்து வச்சிட்டியே!"

"அக்கா, நீங்களே விடாம இருமுறீங்களே?"

"அது எங்க இருமல். அத நாங்க பாத்துக்கறோம். நீ உன் கோட்டை ஒழுங்காப் பாரு!"

கருவியை உடனே இயக்குநர் அறையில் வைக்கக் கோரி அறுநூறு பேர் கையெழுத்திட்ட மனுவை நீட்டினாள். மூன்றாவது கையெழுத்து அவர் மனைவியுடையது.

வீட்டுக்குப் போனதும், "நீயுமா?" என்றார்.

"ரெண்டு மாசத்துக்கு மருந்து இருக்குங்க. கடை எத்தனை நாளைக்கு மூடிக் கிடக்கும்?"

மறுநாள் தூசி சாரே கருவியைக் கீழே இறக்கினார். கோடும் இறங்கியது. தாம் செய்த மாசைத் தாமே அகற்றியதால் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. கடைகள் திறந்தன. சாயங்காலம் இயக்குநர் தலைமையில் 'சுத்தக் காற்று நடை' நடந்தது. விசில் ஊதியதும் ஊரே ஒன்றாக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தது.

இருமல் அடங்க அரை மணி நேரம் ஆயிற்று. அடங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். தூசி சாரும் தட்டினார்.