ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஈட்டித் துப்பாக்கி

"இனிமே ஞாயித்துக்கிழமைன்னா நான் கடலுக்குள்ளதான்!" என்று லிஃப்ட் இன்ஸ்பெக்டர் பிரகடனம் செய்தபோது அவர் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் இருந்தது. அவருக்காக அல்ல.

"எதுக்கு?"

"மீன் பிடிக்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முங்கி, ஈட்டித் துப்பாக்கியால ஒரே அடி!"

"கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறுற ஆளு நீங்க."

"கரப்பான் பறக்கும். மீன் பறக்காது."

"ஆழமெல்லாம் பழக்கமா?"

"தினம் பத்து மாடி ஏறி இறங்குறவன்டி நான்."

"லிஃப்டுக்குள்ள தண்ணியா இருக்கு?"

வீரத்துக்குப் பின்னால் வழக்கம்போல ஒரு பயம் ஒளிந்திருந்தது. பயத்தின் பெயர் சகலை. மனைவியுடைய அக்காவின் கணவர். ஞாயிறு தவறாமல் காலைக் காப்பிக்கு வந்து உட்கார்ந்து, விளக்கு வைக்கும்வரை தன் பித்தப்பைக் கல் ஆபரேஷனைச் சொல்வார். கல் கடுகளவு, கதை மலையளவு. போன வாரம் சட்டையைத் தூக்கித் தையலையும் காட்டிவிட்டார். தண்ணீருக்கடியில் யாராலும் பேச முடியாது என்று எங்கோ படித்த நிமிஷமே இன்ஸ்பெக்டருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

மனைவி மறுக்கவில்லை. "துப்பாக்கி வாங்க நானும் கடைக்கு வரேன்" என்றாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

கடையில் வெயில் தின்ற தோள்களோடு ஓர் அம்மாள் இருந்தார். இன்ஸ்பெக்டர் நேராகச் சுவரில் தொங்கிய மிக நீளமான துப்பாக்கியிடம் போய் நின்றார். அது அவரைவிடக் கொஞ்சம்தான் குட்டை.

"இதைக் குடுங்க."

"எங்கே இறங்கப் போறீங்க, சார்?"

"கரையோரம்தான். பாறைப் பக்கமா."

"அப்ப இது வேணாம். அங்கே தண்ணி கலங்கல். இவ்வளவு நீளத்தை நீங்க திருப்பி முடிக்கிறதுக்குள்ள மீன் பேரன் பேத்தி எடுத்துடும். புதுசா வர்றவங்களுக்குக் குட்டைதான் லாயக்கு."

"குட்டையா!" இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"உங்களைச் சொல்லலைங்க" என்றாள் மனைவி.

கடைக்காரம்மா ஈட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் துப்பாக்கியை நீட்டினார். "ஈட்டியைப் பாய வைக்கிறது இந்த ரப்பர்தான். இதை இந்தக் கோடு வரைக்கும் இழுங்க. எதை இழுக்க முடியுதோ அதுதான் உங்களோடது. நான் எல்லாருக்கும் இப்படித்தான் விக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் அடிக்கட்டையை வயிற்றில் முட்டுக் கொடுத்தார். தொப்பை அதைப் பாதி விழுங்கியது. இழுத்தார். ரப்பர் வரவில்லை, அவர்தான் ரப்பரை நோக்கிப் போனார். அடுத்த அளவு. முகம் தக்காளி நிறத்துக்கு வந்தது, ரப்பர் வரவில்லை. கடைசியாக, இருப்பதிலேயே குட்டை. பாதி வந்தது. பிறகு படாரென்று திரும்பிப் போனது. கைக்கடிகாரமும் கூடவே போனது.

"சார், முங்குறதுக்குக் கண்ணாடி மட்டும் பாருங்களேன்" என்றார் கடைக்காரம்மா, ஆஸ்பத்திரிக் குரலில்.

"இப்படிக் கொண்டாங்க." மனைவி கட்டையை இடுப்பில் பொருத்தினாள். இரண்டு கை, ஒரே இழுப்பு. ரப்பர் நல்ல பிள்ளையாகக் கோட்டில் வந்து நின்றது.

"இடுப்புல வெக்கணும்னு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டே கேஸ் சிலிண்டர் மாத்தினவங்க நாங்க."

இன்ஸ்பெக்டர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "உனக்கு நீச்சல் தெரியாதேடி!"

"காலேஜ்ல கப் வாங்கியிருக்கேன். சமைக்கத் தெரியுமான்னு மட்டும்தானே உங்க வீட்டுல கேட்டீங்க?" அவள் கடைக்காரம்மாவிடம் திரும்பினாள். "ஏங்க, தனியா இறங்கலாமா?"

"கூடவே கூடாது. ஒருத்தர் முங்கினா ஒருத்தர் மேலே இருந்து பார்க்கணும். நான் வரேன். ஞாயித்துக்கிழமை கடை லீவுதான்."

"அப்ப நான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கரையில ஒரு ஆள் வேணுமே" என்றார் கடைக்காரம்மா. "நாங்க முங்குற இடத்தைக் காட்டுற மிதவை மேலேயே கண்ணா இருக்கணும். நாங்க வர்ற வரைக்கும் இடத்தை விட்டு நகரவே கூடாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இன்ஸ்பெக்டர் மனதைத் தேற்றிக்கொண்டார். கடலுக்குள் இல்லாவிட்டால் என்ன, கரை போதும். சகலை இல்லாத இடம் எதுவானாலும் சொர்க்கம்தான்.

ஞாயிறு வந்தது. இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினார்கள். ஆரஞ்சு மிதவை அலையில் ஆடிக்கொண்டு தள்ளிப் போனது. இன்ஸ்பெக்டர் பாறையில் சாய்ந்து காலை நீட்டினார். அலைச் சத்தம். காற்று. மனிதக் குரல் ஒன்றுகூட இல்லை. ஆஹா!

முகத்தில் ஒரு நிழல் விழுந்தது. நிழலின் கையில் மடக்கு நாற்காலி.

"கொழுந்தியா போன் பண்ணினா, சகலை. பாவம், நீங்க தனியா உட்கார்ந்திருப்பீங்கன்னு. அட, எழுந்திரிக்காதீங்க! நீங்க நகரக் கூடாதாமே?" சகலை நாற்காலியை மணலில் அழுத்தி ஊன்றி, வசதியாகச் சாய்ந்துகொண்டார். "வீட்டுல எப்பப் பாரு யாராவது குறுக்கே வந்துடுறாங்க. இங்கே நிம்மதி. ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்."