கட்டிலுக்குப் போட்ட புகை மருந்து

என் கட்டிலை மீட்டே தீருவது என்று அந்தத் திங்கட்கிழமை காலையில் சபதம் எடுத்தேன்.

குல்னாவில், ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றில் புகை மருந்து போடுவது என் வேலை. சாக்கு, பாய், கயிறு எது வந்தாலும் தார்ப்பாயால் மூடுவேன். ஓரத்தை மணல் பையால் அடைப்பேன். உள்ளே விஷ மாத்திரை. மூன்றே நாள், ஒரு வண்டு மிஞ்சாது. இப்பேர்ப்பட்ட எமனுக்கு வீட்டில் படுக்க இடமில்லை.

காரணம் என் மனைவி மொர்ஜினா. தெருப் பெண்கள் பதினாறு பேரைச் சேர்த்துக்கொண்டு கோரையிலும் சணலிலும் கூடை பின்னுகிறாள். முந்நூறு கூடை. என் கட்டில்மேல் மட்டும் எண்பது. வீடெல்லாம் கூடை, கூட இருக்கிற எனக்குத்தான் இடமில்லை. அடுப்படியில் கழுத்தை மடக்கிப் படுத்து, ஒரு வாரமாக வலப்பக்கம் மட்டுமே பார்க்கிறேன்.

முன்பே ஒருநாள் கேட்டாள்.

"தூலி அப்பா, உங்க கிடங்குல இதுக்கு மருந்து போட்டுக் குடுங்களேன். மருந்து போட்டதுக்குச் சீட்டு இல்லேன்னா கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம். சனிக்கிழமை கப்பல்."

"வரிசைப்படி அடுத்த மாசம்தான்."

"அதுக்கு முன்னாடி முடியவே முடியாதா?"

"பூச்சி கண்ணுல பட்டா உடனே எடுப்போம். உன் கூடையில பூச்சி இருக்கா? இல்லை. பொண்டாட்டிக்காகச் சட்டத்தை வளைக்கிறவன் இந்த ஹஷ்மத் இல்லை!"

கழுத்து வளைந்த பிறகு, அந்தத் திங்கட்கிழமை, சட்டமும் கொஞ்சம் வளைந்தது. கிடங்குத் தரையில் கிடந்த ஐந்து வண்டுகளைத் தீப்பெட்டியில் பொறுக்கிவந்து, கட்டில்மேல் இருந்த கூடையில் தூவினேன்.

"ஐயோ! வண்டு வந்துடுச்சு!"

மொர்ஜினா கரண்டியோடு ஓடிவந்தாள். குனிந்து பார்த்தாள்.

"அசையலையே?"

"பகல்ல தூங்கும்."

"மல்லாக்கப் படுத்தா?"

"அலுப்பு இருக்காதா? ராத்திரி பூரா கடிச்சிருக்கு."

"அப்ப உடனே எழுதிக் குடுங்க. கிடங்குக்குக் கொண்டு போயிடலாம்."

'பூச்சி கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முந்நூறு கூடையும் வண்டி ஏறின. அன்று ராத்திரி வேறு சரக்கு வேலையில் கிடங்கிலேயே கழிந்தது. மறுநாள் காலை என் கையாலேயே மூடி மாத்திரை வைத்தேன். இன்று கட்டில், கால் நீட்டல், குறட்டை! வழியில் இலிஷ் மீன்கூட வாங்கிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி வீட்டுக்கு வந்தேன்.

கட்டிலைக் காணோம். அது இருந்த இடத்தில் ஆறு பெண்கள் உட்கார்ந்து கூடை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"மொர்ஜினா! என் கட்டில்?"

"பிரம்புக் கட்டிலாச்சே! கூடையில இருந்த வண்டு அதுல இறங்கியிருந்தா? நேத்தே கடைசி வண்டியில ஏத்திட்டேன். நீங்கதான் காலையில தார்ப்பாய் போட்டு மூடினீங்க."

"நானா?"

"கூடைக்கு அடியில இருந்துச்சு."

அந்த ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. மொர்ஜினா என்னைத் தனியாக அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னாள்.

"அது அரிசி வண்டுங்க. கோரையைத் தொடவே தொடாது. அதுவும் செத்து எத்தனை நாளோ!"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"வரிசையில முந்தணும்னா பூச்சி வேணும்னு சொன்னதே நீங்கதானே. நான் தேடிக்கிட்டிருந்தேன், நீங்களே கொண்டுவந்துட்டீங்க. வெள்ளிக்கிழமை காத்தாட வச்சிட்டா, சனிக்கிழமை கப்பல் ஏறிடும்."

மீனை அவளே வாங்கிக்கொண்டாள்.

"சரி, நான் எங்கே படுக்கிறது?"

"உங்க மேனேஜர் ரெஜ்ஜாக் சாயபு தங்கமானவருங்க. கிடங்கு வாசல்ல ராக்காவலுக்கு மூணு நாளைக்கு ஆள் கிடைக்காமத் தவிச்சாரு. நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டேன்."

போர்வையாவது கொடு என்றேன். பருத்தியும் செடியில் காய்ப்பதுதானே என்று அதையும் மருந்துக்கு அனுப்பிவிட்டாளாம். சொல்லிவிட்டு என் லுங்கியை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காவலுக்குக் கிளம்பிவிட்டேன்.