முன்சக்கரம்

சைக்கிளின் பேரிங் குண்டுகள் பீரோவுக்கு அடியில் உருண்டோடியதும், கணக்காளர் தரையில் குப்புறப் படுத்துத் துழாவினார். கையில் கிடைத்தது தூசிதான்.

சைக்கிள் மனைவியுடையது. "ரோட்டுல பஸ்ஸும் லாரியும் கண்ணு மண்ணு தெரியாம வருது. நீ வீட்டுக்குள்ளயே மிதி" என்று, வாங்கிய அன்றே அதை ஒரு ஸ்டாண்டில் மாட்டிவைத்தவர் அவர்தான். பின்சக்கரம் மட்டும் சுற்றும். என்ன மிதித்தாலும் ஓரடி நகராது. அவள் ஆசையாகக் கேட்ட ஒரே பொருளை அறைக்குள் கட்டிப்போட்டோமே என்பது, அவள் செத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இப்போது தினமும் அவரே ஏறி மிதிக்கிறார். மிதித்தால் அழுகை வரும், அழுதால் மூச்சு வாங்கும். டாக்டரிடம் மட்டும் அதை உடற்பயிற்சி என்று சொல்லிவைத்திருந்தார்.

பின்சக்கரம் கரகரத்தது. எண்ணெய் விட்டார், கீச்சிட்டது. கழற்றினார், குண்டுகள் சிதறின. அகப்பட்டதை மட்டும் போட்டு, மிச்சத்துக்கு ஈடாக நட்டை இறுக்கினார். மிக்ஸியில் சரளைக்கல் போட்டதுபோல் ஒரு சத்தம் கிளம்பியது.

கீழ்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள்.

"சார், மேல என்ன கிணறு வெட்டறீங்களா?"

"மன்னிச்சுக்கோம்மா. மெக்கானிக்கை வரச் சொல்றேன்."

"நீங்க கை வைக்காம இருந்தாலே பாதி சரியாயிடும்."

மெக்கானிக் வந்தபோது, சத்தத்துக்கு ஒரு முடிவு கட்டாமல் போவதில்லை என்று அவளும் பின்னாலேயே ஏறிவந்தாள்.

மெக்கானிக் பின்சக்கரத்தைச் சரிசெய்துவிட்டு முன்சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுலயும் பேரிங் தேஞ்சுபோச்சு சார். பின்னாடியை விட இதுதான் மோசம்."

"அது எப்படி? அது சுத்தினதே இல்லையே!"

"சுத்தாம எப்படி சார் தேயும்? டயரைப் பாருங்க, வழவழன்னு ஆயிடுச்சு."

"இந்த வண்டி வாசலைத் தாண்டினதே இல்லய்யா. பாவி, நான்தான் விடல. கடைசி வரைக்கும் அவ ஒரு தெருவைக்கூட இதுல பார்க்கல." அழுகையை மறைக்கக் கோபம்தான் கைகொடுத்தது. "தொழில் தெரியாம எதையாவது உளறாதய்யா!"

கீழ்வீட்டுப் பெண் சண்டைக்கு வந்ததையே மறந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரைத் திட்டாதீங்க சார். நீங்க ஆபீஸுக்குக் கிளம்பினதும், படியில வண்டியை ஒரு பக்கம் அக்கா பிடிப்பாங்க, இன்னொரு பக்கம் நான் பிடிப்பேன்."