கொட்டாவி இளவரசனுக்கு ஒரு வக்கீல்

“அந்தப் பையனைக் கட்டி வெச்சு உதைக்கணுமாம்” என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “எந்தப் பையனை?”

“எந்தப் பையனையா? என் இளவரசனைத்தாங்க!”

வானிலை நிலையத்தில் நாள் முழுக்க அண்ணாந்து மேகங்களைப் பார்த்துக் குறிப்பெழுதுவது அவள் வேலை. அப்படிப் பார்த்துப் பார்த்தே மூன்று வருஷத்தில் குழந்தைகளுக்காக ஒரு மாயக்கதை எழுதிவிட்டாள். போன மாதம் அது புத்தகமாகவும் வந்துவிட்டது. பெயர் ‘கொட்டாவி இளவரசன்’. கதாநாயகனுக்குப் பன்னிரண்டு வயது. படுபாவி. ஊரில் யாராவது கொட்டாவி விட வாயைத் திறந்தால் போதும், உள்ளே கையை விட்டு அவர்கள் தூக்கத்தை உருவிக்கொண்டு போய்விடுவான். அதைப் புட்டியில் அடைத்து, மேகத்துக்கு மேலிருக்கும் தன் கோட்டையில் வரிசையாக அடுக்கி வைப்பான்.

“நூலகத்துல சிறுவர் பகுதியில ஒரு கருத்து நோட்டு கட்டித் தொங்க விட்டிருக்காங்கல்ல, அதுல பச்சை மையில யாரோ எழுதியிருக்காங்க. ‘குழந்தைகள் படிக்கும் கதையில் இப்படி ஒரு கதாநாயகனா? இவனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும். எழுதியவரையும் சேர்த்து.’”

“உன்னையுமா?” கண்ணாடிக்காரரின் மீசை துடித்தது.

“அது கிடக்கட்டும். நீங்கதான் என் முதல் வாசகர். மனசுல பட்டதைச் சொல்லுங்க, கதை உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“பிரமாதம்” என்றார் அவர், தண்ணீரை எடுத்துக் குடித்தபடி.

ஒரு மாதமாக அவர் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். ‘என் முதல் வாசகரான என் கணவருக்கு’ என்று அச்சாகியிருந்த பக்கத்தை மட்டும் அவர் முழுதாகப் படித்திருந்தார். ஊருக்கெல்லாம் படிக்கக் கண்ணாடி செய்து கொடுக்கிறவருக்குப் புத்தகத்தைப் பிரித்தாலே கண் செருகிக்கொண்டு போகும். நான்கு முறை முயன்றார். நான்கு முறையும் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு சுகமாகத் தூங்கிப்போனார். இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது?

ஆனால் தன் மனைவியை ஒருவர் உதைக்க வேண்டும் என்று எழுதுவதா? மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நூலகத்துக்கு நடந்தார்.

நூலகம் மழைக்கால வெளிச்சத்தில் மங்கிக் கிடந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிய, அதன் நிழல் தரையிலும் அலமாரியிலும் நெளிந்துகொண்டிருந்தது. கடலுக்கடியில் நடப்பதுபோல் நடந்து கருத்து நோட்டை அடைந்தார். நூலகர் அம்மா மேஜைக்குப் பின்னால் இருந்து தலையசைத்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவருக்குக் குரலே கிசுகிசுப்பாக மாறிவிட்டிருந்தது. சந்தையில்கூட அப்படித்தான் பேரம் பேசுவாராம்.

நோட்டில் குழந்தைகள் நிறைய எழுதியிருந்தார்கள். ‘இந்தப் பையன் எங்க கணக்கு டீச்சர் தூக்கத்தை மட்டும் திருடக் கூடாது, அவங்க வகுப்புல தூங்கினாத்தான் எங்களுக்கு நிம்மதி.’ ‘எனக்கு அவனைப் பிடிக்கும், ஆனா எங்க வீட்டுக்கு வர வேண்டாம்.’ ஒரு தாய், ‘இதைப் படித்த நாளிலிருந்து என் மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விடுகிறாள்’ என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, அச்சடித்த மாதிரி பச்சை எழுத்துகள்.

கண்ணாடிக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இடது கையால் கோணல்மாணலாக எழுதினார். ‘அட்டையில் நீலத் தொப்பியுடன் சிரிக்கும் அந்த இளவரசன் எவ்வளவு அன்பானவன்! தங்கமான பிள்ளை. எழுதிய கைக்கு மோதிரம் போட வேண்டும். இப்படிக்கு, புத்தகப் பிரியை.’

இரண்டு நாள் கழித்து மனைவி சாப்பாட்டு மேஜையில் சிரிக்காமல் சொன்னாள். “யாரோ புத்தகப் பிரியையாம். அட்டையை மட்டும் பார்த்துட்டு எழுதியிருக்காங்க. திட்டறவங்ககூடப் படிச்சுட்டுத்தான் திட்டறாங்க. புகழறவங்கதான் படிக்கறதே இல்ல.”

கண்ணாடிக்காரர் குனிந்து கேட்காமலே இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டார்.

“பச்சை மை நல்லா பதில் கொடுத்திருக்கு” என்று அவள் தொடர்ந்தாள். “‘அம்மணி, அந்த நீலத் தொப்பி அவனுடையது அல்ல, ஒரு கிழவரின் தலையிலிருந்து பிடுங்கியது. ஐந்தாம் அத்தியாயத்தைப் படிக்கவும்’னு.”

வேறு வழியில்லை. மறுநாள் கடையில், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் படித்தார். கோபம் இருந்ததால் தூக்கம் வரவில்லை. சாயங்காலம் நூலகத்துக்குப் போய், ‘குளிருக்காகத்தானே பிடுங்கினான்? பச்சைப் பிள்ளைக்குக் குளிராதா?’ என்று எழுதினார்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. ‘குளிர் எப்படி வந்தது? ஊரிலுள்ள ஜன்னல்களை எல்லாம் கழற்றிக்கொண்டு போனதே அவன்தான். எட்டாம் அத்தியாயம்.’

எட்டைப் படித்தார். எட்டு புரிய வேண்டுமானால் ஏழைப் படிக்க வேண்டியிருந்தது. ஏழில் வரும் ஓட்டைக் கப்பல் எங்கிருந்து வந்தது என்று தெரிய மூன்றுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வெளியே தூறல் விடாமல் போட்டுக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த நூற்றுக்கணக்கான கண்ணாடிகளில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மழைகள் பெய்தன. அவற்றில் ஒன்றின் ஓரத்தில் நீலத் தொப்பி ஒன்று எட்டிப் பார்த்ததுபோல இருந்தது. யாரோ வாசலில் கொட்டாவி விட்டார்கள். கண்ணாடிக்காரர் பதறி எழுந்து, “வாயை மூடுங்க சார்!” என்று கத்திவிட்டார்.

வந்தவர் அஞ்சல்காரர். வாயை மூடிக்கொண்டு தன் கண்ணாடியை வாங்கிப்போனார். அது தையற்காரருக்குச் செய்த கண்ணாடி. தையற்காரருக்கு அஞ்சல்காரரின் கண்ணாடி போய்ச் சேர்ந்தது. அந்த வாரம் கீழத் தெருக் கடிதங்கள் எல்லாம் மேலத் தெருவுக்குப் போயின. தையற்காரர் தைத்த ஒரு சட்டைக்கு மூன்று கைகள் இருந்தன.

நூலகத்திலும் நிலைமை முற்றியது. பள்ளி விட்டதும் குழந்தைகள் ஓடிவந்து நோட்டைச் சுற்றி நின்றார்கள். ‘பச்சைக் கட்சி’, ‘பாட்டிக் கட்சி’ என்று இரண்டாகப் பிரிந்துகொண்டார்கள். புத்தகப் பிரியை ஒரு பாட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த நடுங்கும் கையெழுத்தைப் பார்த்து அவர்களே முடிவு கட்டியிருந்தார்கள். நோட்டு தீர்ந்து, நூலகர் அம்மா இரண்டாவது நோட்டைக் கட்டித் தொங்க விட்டார்.

யார் அந்தப் பச்சை மை? இந்தக் கேள்வி கண்ணாடிக்காரரைப் பிய்த்துத் தின்றது. ஒரு நாள், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் கண் பரிசோதனைக்கு வந்தார். சட்டைப் பையில் பச்சைப் பேனா.

கண்ணாடிக்காரரின் பார்வை அந்தப் பேனாவிலேயே ஒட்டிக்கொண்டது. “இந்தக் காலத்துப் பசங்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்க சார்?” என்று மெல்லத் தூண்டில் போட்டார்.

“உதைக்கணும்” என்றார் தலைமை ஆசிரியர்.

அகப்பட்டுக்கொண்டான் என்று உள்ளுக்குள் கூவினார் கண்ணாடிக்காரர். அந்தப் பதற்றத்தில் இடது கண்ணுக்கு உரிய எண்ணை வலது கண்ணுக்கும், வலதை இடதுக்கும் எழுதிவைத்தார். தலைமை ஆசிரியர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கியபோது, இல்லாத ஒரு படிக்கட்டில் ஏறினார்.

அன்று மாலை புத்தகப் பிரியை நோட்டில் ஒரு முழுப் பக்கம் பொரிந்து தள்ளினாள். ‘பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடித்தே பழகிய கைக்கு அடிப்பதைத் தவிர வேறென்ன தெரியும்? தைரியம் இருந்தால் நேரில் வந்து பேசட்டும்!’

வினையே அங்கேதான் பிடித்தது.

“ஏங்க, விஷயம் தெரியுமா?” மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். “புத்தகப் பிரியை நேருக்கு நேர் கூப்பிட்டுட்டாங்க. பச்சை மையும் ‘வருகிறேன்’னு எழுதிடுச்சு. நூலகர் அம்மா ஞாயித்துக்கிழமை காலையில கூட்டமே போட்டுட்டாங்க. நான்தான் தலைமை. அந்தம்மாவைப் பார்க்கணும்னு எனக்கு ஒரே ஆசையா இருக்கு. முதல்ல ஒண்ணும் தெரியாம எழுதினாங்க. இப்ப பாருங்க, வரிவரியா படிச்சிருக்காங்க. நீங்களும் வரணும்.”

“எனக்குக் கடை…”

“ஞாயித்துக்கிழமையா?”

கண்ணாடிக்காரர் நூலகத்துக்கு ஓடி, ‘புத்தகப் பிரியைக்குக் காய்ச்சல்’ என்று எழுதினார். மறுநாள் போய்ப் பார்த்தால் அதன் கீழே பாட்டிக் கட்சிக் குழந்தைகள் வரிசையாக எழுதியிருந்தார்கள். ‘சீக்கிரம் குணமாகி வாங்க பாட்டி.’ ‘நீங்க வரலைன்னா பச்சை ஜெயிச்சிடும் பாட்டி.’ ஒரு குழந்தை போர்வையும் தலையணையும் வரைந்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு உண்மையிலேயே காய்ச்சல் வரும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மீதமிருந்த அத்தியாயங்களை அதற்குள் படித்து முடித்தார். கடைசிப் பக்கத்தை மூடியபின் நெடுநேரம் அட்டையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வாசலில் ஆட்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்தில் உட்கார இடமில்லை. மேடையில் நடுவே மனைவி. ஒரு பக்கம் ‘பச்சை மை’ என்று எழுதி ஒட்டிய நாற்காலி, மறுபக்கம் ‘புத்தகப் பிரியை’ என்று எழுதிய நாற்காலி. இரண்டும் காலி. முன்வரிசையில் தலைமை ஆசிரியர் கண்களைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடை ஏறாமல் பாசாங்கு செய்கிறார் பார் என்று பல்லைக் கடித்தார் கண்ணாடிக்காரர்.

அரை மணி நேரம் போயிற்று. “பாட்டி வரலையா?” என்று ஒரு சிறுமி அழுகைக்குத் தயாராகக் கேட்டாள். மனைவியின் முகம் வாடத் தொடங்கியது. கண்ணாடிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார். கால்கள் தாமாகவே மேடைக்குப் போயின. புத்தகப் பிரியையின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான்தான்” என்றார்.

“பாட்டிக்கு மீசை இருக்கு!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “நான் என் வீட்டுக்காரிகிட்ட ஒரு மாசமா ‘பிரமாதம், பிரமாதம்’னு சொன்னேன். ஒரு பக்கம்கூடப் படிக்காம சொன்னேன். பொய். அப்புறம் சண்டை போடறதுக்காகப் படிச்சேன்.” தலைமை ஆசிரியரை ஒருமுறை முறைத்தார். “இவன் கெட்டவன்தான், நான் இல்லைங்கல. ஆனா கடைசியில பாருங்க, ஊர்த் தூக்கம் மொத்தமும் அவன்கிட்ட இருக்கு, அவனுக்கு மட்டும் தூக்கம் வரல. எந்தப் புட்டியைத் திறந்தாலும் உள்ள வேற யாரோட கனவோதான் இருக்கு. யாரோ ஒரு அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிடறாங்க. இவன் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு கனவுல கூட ஆள் இல்ல. அதுக்குத்தான் அடுத்த புட்டி, அதுக்கு அடுத்த புட்டின்னு போறான். அவனைத் திருத்தி எழுதியிருந்தா நாம எல்லாரும் அவனை மறந்துட்டுத் தூங்கப் போயிருப்போம்.”

திரும்பாமலே மனைவி பக்கம் கையைக் காட்டினார். “மூணு வருஷமா எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலதான் இதை எழுதினா. நான் எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன். அவ இவ்வளவு தூரம் போயிட்டு வந்திருக்கான்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

வெளியே மழை ஜன்னலைத் தடவிக்கொண்டு இறங்கியது. அந்த அமைதியில் ஒரு சின்னக் குழந்தை நீளமாய்க் கொட்டாவி விட்டது. அது பக்கத்துக் குழந்தைக்குத் தொற்றி, அடுத்த வரிசைக்குத் தாவி, கூடம் முழுக்க ஒரு மெல்லிய அலையாய்ப் பரவியது. எல்லோரும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மனைவி அவர் தோளில் கையை வைத்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் அவள் கோபப்படவில்லை. அதிர்ச்சி அடைந்ததாகக்கூடத் தெரியவில்லை. அவருக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் தலைமை ஆசிரியர் தட்டுத்தடுமாறி வந்தார். “எதுக்கய்யா என்னையே முறைச்சுட்டுப் பேசினே? நான் அந்தப் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்ல. நீ கொடுத்த கண்ணாடியில உலகமே மாடிப்படியா தெரியுது, அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

கண்ணாடிக்காரர் திகைத்து நின்றார். அப்படியானால்? குழந்தைகளுக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனைவியைத் தாண்டி, நூலகர் அம்மாவின் மேஜைக்குப் போனார்.

“அந்தப் பச்சை மை ஆசாமி கடைசிவரைக்கும் வரவே இல்லையே? பயந்தாங்கொள்ளி! ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்கம்மா, நான் பார்த்துக்கறேன்.”

நூலகர் அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். “வராம என்ன சார், நடு நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாங்க, ‘நல்ல கதைன்னு சொன்னா எங்க வீட்டுக்காரர் தூங்கிடுவாரு, என்னை யாராவது திட்டினாத்தான் ஒரு எழுத்து விடாம படிப்பாரு’ன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தானே முதல் வரியையே எழுதினாங்க!”